டிஜே ரேங்லர் முன் அச்சுக்கு வலுவான ஷாஃப்ட்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

"முன் ஷாஃப்ட் உடைந்துவிட்டது" என்று பட்டறைக்கு வரும் ஜீப்புகளில் பெரும்பாலானவற்றில் தண்டு அப்படியே இருக்கும். போயிருப்பது, இரண்டு தண்டுகளை மடங்கும்படி இணைக்கும் யூ-ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் யோக்கின், அதாவது தண்டு முனைக் கவையின், காது. கதை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்த நிலையில் சுமை ஏறுகிறது. காதின் துளையில் உட்காரும் ஊசி பேரிங் கிண்ணமான கப்பைப் பிடித்திருக்கும் கிளிப் நழுவுகிறது. கப் மெல்ல வெளியே நகர்கிறது. காது விரிகிறது. ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து உடைகிறது. உடைந்த துண்டு மறு காதையும் பிய்த்துக்கொண்டு போகிறது. அதனால் "எவ்வளவு தடிமனான ஷாஃப்ட்?" என்று தொடங்குவதைவிட, ஜாயின்ட் எது, அதன் கப்பை எது பிடித்திருக்கிறது என்று கேட்டுத் தொடங்குவது நல்லது.

இங்கே சொல்வது 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ரேங்லர் டிஜேவின் முன்பக்க டானா 30 அச்சுக்கு. செரோக்கி எக்ஸ்ஜேவின் பிந்தைய ஆண்டு வண்டிகளுக்கும் வேலை முறை ஏறத்தாழ இதேதான். 2020இல் வந்த மஹிந்திரா தார் போல முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் இருப்பது வேறு வகை ஷாஃப்ட்; கழற்றும் விதமும் வேறு.

உங்கள் அச்சில் என்ன இருக்கிறது

டானா 30இல் ஒவ்வொரு பக்கமும் இரண்டு துண்டுகள். டிஃப்ரன்ஷியலுக்குள் போவது உள் ஷாஃப்ட், ஹப்புக்குள் போவது ஸ்டப் ஷாஃப்ட், இரண்டையும் இணைப்பது யூ-ஜாயின்ட். டிஃப்ரன்ஷியல் இடப்பக்கமாக இருப்பதால் இடது உள் ஷாஃப்ட் குட்டை, வலது நீளம். டிஜேவில் உள் முனையிலும் வெளி முனையிலும் 27 ஸ்ப்ளைன் பற்கள். பல் பகுதியின் விட்டம் சுமார் 1.16 அங்குலம். ஜாயின்ட், ஸ்பைசரின் 297 அளவு. இன்று அதற்கு மாற்றாகக் கிடைப்பது 5-760எக்ஸ்.

2003 முதல் வந்த டிஜே ரூபிகானில் முன்னாலும் டானா 44 இருக்கிறது, ஆகவே கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உள் ஷாஃப்ட் 30 பல், ரிங் கியர் பெரிது, அது உண்மை. ஆனால் நக்கிளிலிருந்து (ஸ்டீரிங்கோடு திரும்பும் அச்சு முனை) வெளியே உள்ளதெல்லாம் டானா 30இன் சாமான்தான்: அதே அளவு ஜாயின்ட், அதே 27 பல் ஸ்டப், அதே ஹப். முதலில் உடையும் இடம் மாறவில்லை.

டிஜேவுக்கு முந்தைய ஒய்ஜேவில் (1987–1995) வேறொரு சிக்கல் உண்டு. வலப்பக்க உள் ஷாஃப்ட் வேக்குவத்தால் இணைந்து பிரியும் இரண்டு துண்டுகளாக இருக்கும். அதற்கு ஒற்றைத் துண்டு மாற்று கிட் வாங்க வேண்டும். பழைய இணைப்புப் பெட்டியின் வாயை மூடும் தகடும் அதற்கான சீலும் கிட்டோடு வருகின்றனவா என்று பாருங்கள். பழைய எக்ஸ்ஜே, ஒய்ஜே வண்டிகள் சிலவற்றில் 297க்குப் பதில் சிறிய 260 அளவு ஜாயின்ட் இருக்கும். கப்பின் விட்டத்தை வெர்னியரால் அளந்தால் தெரிந்துவிடும்: 260இல் 1.062 அங்குலம், 297இல் 1.188.

சுமை எங்கிருந்து வருகிறது

4.0 லிட்டர் என்ஜினின் உச்ச டார்க் (முறுக்கு விசை) 235 அடி-பவுண்டு, சுமார் 319 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் ஏறக்குறைய 4 மடங்கு, லோ ரேஞ்சில் 2.72 மடங்கு, டிஃப்ரன்ஷியலில் 3.73 மடங்கு. பெருக்கிப் பார்த்தால் 12,900 நியூட்டன் மீட்டருக்கு மேல். ரூபிகானின் 4 மடங்கு லோ ரேஞ்சும் 4.10 கியரும் சேர்ந்தால் 20,900ஐத் தொடும். இந்த அளவைத் தாங்கும் 27 பல் ஷாஃப்ட் கிடையாது. தினசரி ஓட்டத்தில் ஷாஃப்ட் பிழைத்திருப்பதற்குக் காரணம், அதற்கு முன்பே டயர் சறுக்கிவிடுவதுதான்.

ஆகவே ஷாஃப்ட் உண்மையில் சுமப்பது டயரின் பிடியை. ஒரு முன்சக்கரத்தின் மேல் 400 கிலோ எடை, 33 அங்குல டயர், உலர்ந்த பாறை என்றால் சறுக்குவதற்கு முன் சுமார் 1,650 நியூட்டன் மீட்டர் வரும். டயரை இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கவைத்தால் இந்தக் கணக்குக்கு மேல்வரம்பே கிடையாது. இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் டிஃப்ரன்ஷியலில் இல்லையென்றால் எதிர்ப்பக்கச் சக்கரம் சுழன்று சுமையை விட்டுவிடும். லாக்கர் போட்டதும் அந்தத் தப்பும் வழி அடைபட்டு, முன் அச்சுக்கு வருவது முழுவதும் ஒரே பக்கத்தில் இறங்கலாம். பெரிய டயரைவிட லாக்கர்தான் முன் ஷாஃப்ட்டுக்குப் பெரிய எதிரி.

இதோடு கோணம் சேர்கிறது. யூ-ஜாயின்ட் 30 பாகை மடங்கியிருக்கும்போது ஸ்டப் ஒரே வேகத்தில் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 13 விழுக்காடு மெதுவாகவும் 15 விழுக்காடு வேகமாகவும் போய்வரும். டார்க்கும் அப்படியே ஏறி இறங்கும். காதுகளின் மேல் வளைக்கும் விசையும் சேரும். அதனால்தான் ஸ்டீரிங் நேராக இருக்கும்போது தாங்கிய ஷாஃப்ட், முழுதாக ஒடித்தபோது முறிகிறது. ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு ரிவர்ஸில், ஸ்டீரிங் ஒடித்தபடி, ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது எல்லாவற்றிலும் மோசம்.

எந்த ஷாஃப்ட்

நல்ல மேம்பட்ட ஷாஃப்ட்டுகள் 4340 குரோமோலி எஃகில் வருகின்றன. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் சேர்ந்த எஃகு அது. வெறும் "குரோமோலி" என்று மட்டும் எழுதியிருந்தால் விற்பவரிடம் எண்ணைக் கேளுங்கள். 4140ம் குரோமோலிதான், அதில் நிக்கல் இல்லை, கடினத்தன்மைக்கு ஈடான உறுதி 4340 அளவுக்கு வராது. எண் மட்டும் போதாது, வெப்பப் பதனிடலும் வேண்டும். அதைப் பற்றிப் பேசவே மறுக்கும் விற்பனையாளரை விட்டு விலகுவது நல்லது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிளிப் பள்ளம். கம்பெனி ஷாஃப்ட்டில் கப்பைப் பிடிப்பது காதின் உட்பக்கமாக மாட்டும் சி வடிவக் கிளிப். இது சுமையில் தெறிக்கும். நல்ல குரோமோலி ஷாஃப்ட்டில் காதின் துளைக்குள்ளேயே பள்ளம் வெட்டி, முழு வட்ட ஸ்னாப் ரிங் போடும்படி இருக்கும். தண்டின் வலு கூடியதைவிட இந்தச் சின்ன மாற்றம்தான் நடைமுறையில் அதிக ஷாஃப்ட்டுகளைக் காப்பாற்றுகிறது என்பது எங்கள் கணிப்பு. கம்பெனி ஷாஃப்ட்டிலேயே தொடர நினைப்பவர்கள் கப்பைக் காதோடு சிறு பொட்டாக வெல்டிங் வைப்பதுண்டு. அது வேலை செய்யும். ஆனால் ஜாயின்ட் தேய்ந்தால் அரைத்து எடுக்க வேண்டும், சூடு கூடினால் கப்பின் ரப்பர் சீல் போய்விடும். குரோமோலி ஷாஃப்ட்டில் இதைச் செய்யவே கூடாது. முன்சூடு இல்லாமல் 4340இல் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் விரிசல் விடும்.

உள் ஷாஃப்ட்டை மட்டும் குரோமோலியாக்கி ஸ்டப்பைப் பழையதாக விடுவது வீண் செலவு. உடையும் இடம் ஒரு அங்குலம் வெளியே நகரும், அவ்வளவுதான். இரண்டு உள் ஷாஃப்ட், இரண்டு ஸ்டப் என்று நான்கு துண்டும், கூடவே இரண்டு ஜாயின்ட்டும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குங்கள்.

30 பல் உள் ஷாஃப்ட் கிட்டும் டானா 30க்குக் கிடைக்கிறது. விட்டம் 1.16இலிருந்து 1.31 அங்குலமாகிறது, முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் அதே எஃகில் சுமார் 44 விழுக்காடு கூடுகிறது. ஆனால் டிஃப்ரன்ஷியலுக்குள் 30 பல் லாக்கர் வேண்டும். எப்படியும் புது லாக்கர் வாங்கப்போகிறீர்கள் என்றால் சேர்த்து யோசியுங்கள். ஏற்கெனவே 27 பல் லாக்கர் போட்டுவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டாது.

ஜாயின்ட்டில் மூன்று வழி. முதலாவது 5-760எக்ஸ். கிரீஸ் நிப்பிள் கிடையாது. கிராஸுக்குள் துளை போடாததால் வலு அதிகம். 33 அங்குல டயர் வரை பெரும்பாலோருக்கு இதுவே போதும். நிப்பிள் உள்ள ஜாயின்ட்டை அடிக்கடி தண்ணீரிலும் சேற்றிலும் இறங்குபவர்கள் விரும்புவார்கள். ஆனால் கிரீஸ் போகும் துளை கிராஸின் நடுவையே குடைந்துகொண்டு போகிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது, ஊசி பேரிங் இல்லாமல் வெண்கலப் புஷ் வைத்த கனமான ஜாயின்ட். உடைப்பது கடினம், ஆனால் தொடர்ந்து கிரீஸ் அடிக்க வேண்டும். டிஜேவில் பூட்டித் திறக்கும் ஹப் கிடையாது, டூ-வீல் டிரைவிலும் முன் ஷாஃப்ட்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும். தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு இது தலைவலி. மூன்றாவது, யூ-ஜாயின்ட்டையே விட்டுவிட்டு சிவி ஜாயின்ட் ஷாஃப்ட்டுக்குப் போவது. ஆறு உருண்டைகள் கொண்ட ரெப்பா வகை. ஒடித்த நிலையிலும் வேகம் சீராக இருக்கும், ஸ்டீரிங்கில் துடிப்பு வராது, முழுக் கோணத்திலும் ஒரே வலு. விலை மிக அதிகம். ரப்பர் பூட் கிழிந்தால் உடனே கவனித்தாக வேண்டும்.

டயரை வைத்துச் சொன்னால்: 31 அங்குலம், லாக்கர் இல்லை என்றால் கம்பெனி ஷாஃப்ட்டில் புது 760 போட்டு ஓட்டுங்கள், மிச்சப் பணத்துக்கு நல்ல இழுகயிறும் வின்ச்சும் வாங்கலாம். 33 அங்குலமும் லாக்கரும் என்றால் குரோமோலி நான்கு துண்டும். 35 அங்குலமும் லாக்கரும் பாறையும் என்றால் குரோமோலியும் சிவியும் உதவும். ஆனால் அப்போது அடுத்து உடையப்போவது டானா 30இன் 7.1 அங்குல ரிங் கியர், அல்லது ஹப் பேரிங், பால் ஜாயின்ட். 35க்கு மேல் போகிறவர்கள் ஷாஃப்ட்டில் காசைக் கொட்டாமல் வேறு அச்சைத் தேடுவதே முறை. ஷாஃப்ட் உடைந்தால் காட்டிலேயே மாற்றிவிடலாம். ரிங் கியர் உடைந்தால் முடியாது.

வந்த சாமானைச் சரிபார்த்தல்

வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே புது ஷாஃப்ட்டை அளந்துவிட்டால் பாதி வண்டி ஜாக்கியில் நிற்கும்போது திகைக்க வேண்டியதில்லை. பற்களை எண்ணுங்கள். சீல் உட்காரும் பளபளப்பான பகுதியின் விட்டத்தைக் குறித்துவைத்து, பழையது வெளியே வந்ததும் ஒப்பிடுங்கள். அங்கே நகம் தட்டுகிற சிராய்ப்பு இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பழைய ஷாஃப்ட்டின் மேல் பல் வளையம் இருந்தால் புதியதிலும் அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் பற்கள் வேண்டும்.

கருவிகள்: 36 மி.மீ. சாக்கெட், 13 மி.மீ. பன்னிரண்டு முனை சாக்கெட், நீளமான பிரேக்கர் பார், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, வைஸ் அல்லது சி வடிவ பால் ஜாயின்ட் பிரஸ், டார்க் ரெஞ்ச். சாதாரணமாகக் கிடைக்கும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் பல 200 நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடும். ஹப் நட்டுக்கு 237 தேவை, பார்த்து வாங்குங்கள். புது காட்டர் பின் இரண்டு, சீஸ் ஆகாமல் தடுக்கும் பசை, 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில் ஒன்றரை லிட்டர்.

ஜாயின்ட்டை ஷாஃப்ட்டில் ஏற்றுதல்

இதை மேசையில், பொறுமையாக, சுத்தமான துணி விரித்துச் செய்யுங்கள். சுத்தியலால் காதின் மேல் அடித்து கப்பை இறக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. புது ஷாஃப்ட்டின் காதை வளைக்க அதுவே சிறந்த வழி.

நான்கு கப்பையும் கழற்றி உள்ளே ஊசிகள் முழுதாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நிப்பிள் இல்லாத ஜாயின்ட் என்றால் கம்பெனி வைத்த கிரீஸ் போதாது போலத் தோன்றும். கொஞ்சம் மேலே பூசலாம், ஆனால் கப்பை நிரப்பிவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு கப் உள்ளே போகாது. கிராஸைக் காதுகளுக்கு நடுவே வைத்து, ஒரு கப்பைத் துளையில் கையால் நேராக நிறுத்துங்கள். கிராஸின் முனையைப் பாதியளவு அந்தக் கப்புக்குள் ஏற்றிப் பிடித்தபடியே வைஸை இறுக்குங்கள். ஊசிகளைக் கிராஸே தாங்கிப் பிடித்திருக்கும், சாய்ந்து விழாது. கப்பைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட்டை வைத்துப் பள்ளம் தெரியும்வரை அழுத்தி ரிங்கைப் போடுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே.

பள்ளம் முழுதாகத் தெரியாமல் இரண்டு மூன்று மி.மீ. முன்பே கப் நின்றுவிட்டால் ஓர் ஊசி சாய்ந்து அடியில் கிடக்கிறது என்று பொருள். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், வெளியே எடுத்து ஊசியை நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள். அப்படியே அழுத்தி ரிங்கைத் திணித்த ஜாயின்ட் நூறு கிலோமீட்டர்கூட ஓடாது.

நான்கு ரிங்கும் உட்கார்ந்த பின், ரிங்கைச் சுற்றித் திருகிப் பாருங்கள். பள்ளத்தில் சரியாக இறங்கியது விரலுக்கு வழுக்கிச் சுழலும். பித்தளைச் சுத்தியலால் காதின் வெளிப்பக்கம் லேசாகத் தட்டினால் கப்புகள் ரிங்கோடு நெருங்கி உட்காரும், ஜாயின்ட் இலகுவாகும். கையால் எல்லாத் திசையிலும் மடக்கும்போது சீரான சிறு பிடிப்பு மட்டும் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முட்டினால் அந்தத் துடிப்பு ஸ்டீரிங்குக்கு வந்து சேரும்.

கடைசியாக, தண்டின் நீளத்துக்கும் யோக்கிலிருந்து பல் வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு நேர்கோடு போடுங்கள். பின்னொரு நாள் ஷாஃப்ட்டை எடுக்கும்போது கோடு திருகிப் போயிருந்தால் அது முறுக்கேறிவிட்டது, அடுத்த பயணத்துக்கு நம்பக்கூடாது.

பழையதைக் கழற்றுதல்

வண்டி தரையில் நிற்கும்போதே, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வீலின் நடு மூடியை எடுத்து, காட்டர் பின்னையும் நட்டின் மேலுள்ள பூட்டுத் தகட்டையும் கழற்றி, 36 மி.மீ. நட்டை இளக்கிவிடுங்கள். இளக்குவதோடு சரி; அந்த நிலையில் வண்டியை நகர்த்தாதீர்கள். பிறகு ஜாக்கி வைத்து அச்சின் அடியில் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தை எடுங்கள். வேலை செய்யும் பக்கம் சற்று உயரமாக நிற்கட்டும். டிஃப்ரன்ஷியல் ஆயில் மறுபக்கம் ஒதுங்கும், ஷாஃப்ட்டை உருவும்போது குழாய் வழியாகக் கொட்டாது.

காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க்கை எடுங்கள். ஏபிஎஸ் வயர் இருந்தால் பிரியுங்கள். நட்டையும் அதன் அடியிலுள்ள வாஷரையும் எடுத்துவிட்டு, நக்கிளின் பின்பக்கமிருந்து ஹப்பைப் பிடித்திருக்கும் மூன்று 13 மி.மீ. பன்னிரண்டு முனை போல்ட்டுகளை இளக்குங்கள். இந்த போல்ட் தலை தேய்ந்தால் வேலை ஒரு நாள் இழுக்கும்; சாக்கெட்டை முழுதாக உள்ளே தட்டி உட்காரவைத்த பிறகே பலம் கொடுங்கள்.

துருவேறிய ஹப் நக்கிளைவிட்டு வராது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவைப்பது நல்லது. அதற்கும் மசியாவிட்டால், போல்ட்டுகளை ஆறேழு சுற்று இளக்கி நூலில் விட்டு, ஒரு போல்ட்டின் தலையில் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மாட்டி, அதன் மறுமுனை அச்சில் முட்டும்படி வைத்து, என்ஜினை ஓடவிட்டு ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். பவர் ஸ்டீரிங்கே ஹப்பைத் தள்ளிவிடும். கையை அங்கே வைத்திருக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் தெறித்தால் எலும்பு போகும். மூன்று போல்ட்டிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஹப் சாயாமல் வரும்.

ஹப் வந்ததும் டிஸ்க்கின் பின்னுள்ள மட்காப்புத் தகடு எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று குறித்துவைத்து எடுங்கள். ஷாஃப்ட்டை யோக்கில் பிடித்து நேராக உருவுங்கள். முன் டானா 30இல் டிஃப்ரன்ஷியலுக்குள் சி-கிளிப் எதுவும் இல்லை. ஷாஃப்ட்டைப் பிடித்திருந்தது ஹப்பும் நட்டும் மட்டுமே. பல் முறுக்கேறியிருந்தால் மட்டும் வர அடம்பிடிக்கும்.

சீல்: இங்கேதான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள்

இந்த அச்சில் ஆயில் சீல் குழாயின் வெளி முனையில் இல்லை. உள்ளே, டிஃப்ரன்ஷியல் பெட்டியின் சுவரில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் கவரைத் திறந்து, பேரிங் கேப்புகளை இடம் வலம் குறித்துக் கழற்றி, கேரியரையே (கியர்களைத் தாங்கும் உட்கூடு) வெளியே எடுக்க வேண்டும். ஐந்து நிமிட அவசரத்தில் ஒரு சீலின் உதட்டைக் கிழித்தால் அரை நாள் வேலை கூடிவிடும்.

குழாய்க்குள் வருடக்கணக்கில் சேர்ந்த சேறும் துருத்தூளும் இருக்கும். புது ஷாஃப்ட்டை அப்படியே செருகினால் முனை அந்த அழுக்கை அள்ளிக்கொண்டுபோய் சீலில் திணிக்கும். ஒரு நீளக் கம்பியின் நுனியை வளைத்துத் துணி கட்டி, உள்ளே விட்டு, வெளிப்பக்கமாக இழுத்து இழுத்துத் துடையுங்கள். உள்நோக்கித் தள்ளித் துடைப்பதும் காற்று அடிப்பதும் வேண்டாம். துணி சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். விளக்கடித்துப் பார்த்தால் சீலின் உதடு தெரியும். ஏற்கெனவே ஆயில் கசிந்த ஈரம் குழாயில் இருந்தால் இப்போதே கேரியரை எடுத்து இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். கேப் போல்ட்டுகளுக்கு 45 அடி-பவுண்டு (61 நியூட்டன் மீட்டர்), கவர் போல்ட்டுகளுக்கு 30 அடி-பவுண்டு (41 நியூட்டன் மீட்டர்). லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் அதற்கும் இதுவே நேரம்.

பொருத்துதல்

புது ஷாஃப்ட்டின் பற்களிலும் சீல் பகுதியிலும் கியர் ஆயில் தடவுங்கள். குழாயின் நடுவே, அதன் அடிப்பக்கத்தில் உராயாமல் தூக்கிப் பிடித்தபடி செலுத்துங்கள். வலப்பக்க நீள ஷாஃப்ட்டுக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது: ஒருவர் யோக்கைப் பிடிக்க, மற்றவர் விளக்கோடு முனையைப் பார்க்க. சீலை எட்டியதும் பற்கள் உதட்டில் உராயாதபடி மட்டம் பிடித்து மெதுவாகக் கடத்துங்கள். பிறகு சற்றே திருப்பினால் பற்கள் சைடு கியரில் கவ்வி, ஷாஃப்ட் தானாக உள்ளே இறங்கும். கவ்வாவிட்டால் அடிக்காதீர்கள். மறுபக்கச் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள்.

நக்கிளின் துளையைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, சீஸ் தடுக்கும் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். அடுத்த முறை ஹப்பைக் கழற்றும்போது இதன் அருமை தெரியும். மட்காப்புத் தகட்டை வைத்து, ஹப்பை ஸ்டப்பின் பற்களில் ஏற்றி, மூன்று போல்ட்டையும் சுற்றிச் சுற்றிச் சமமாக இறுக்கி, 75 அடி-பவுண்டில் (102 நியூட்டன் மீட்டர்) முடியுங்கள். போல்ட்டால் ஹப்பை இழுத்து உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். கையாலும் ரப்பர் சுத்தியலாலும் உட்காராதது சாய்ந்திருக்கிறது.

பிறகு வாஷர், நட். ஒருவர் பிரேக்கை மிதிக்க 175 அடி-பவுண்டு (237 நியூட்டன் மீட்டர்). இதில் சமரசம் கிடையாது, இம்பாக்ட் கன்னும் கூடாது. இந்த ஹப் பேரிங்கின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதே ஸ்டப் ஷாஃப்ட்டும் இந்த நட்டும்தான். நட் தளர்வாக இருக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கினால் பேரிங் அன்றே கெட்டுவிடும். காட்டர் பின் துளை நேரே வராவிட்டால் பூட்டுத் தகட்டைத் திருப்பித் திருப்பி மாட்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்கலாம், தளர்த்தக் கூடாது.

டிஸ்க், காலிப்பர். டிஜேவின் காலிப்பர் போல்ட்டுக்கு வெறும் 11 அடி-பவுண்டு (15 நியூட்டன் மீட்டர்) போதும். பலத்தைக் காட்டினால் நக்கிளின் நூல் போகும்.

சக்கரத்தை மாட்டும் முன் ஒரு சோதனை பாக்கி. குரோமோலி யோக்கின் காதுகள் கம்பெனியுடையதைவிடத் தடிமன். ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, ஹப்பைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுழற்றுங்கள். காது காதோடு உரசுகிறதா, நக்கிளில் தட்டுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. நெருங்கிய இடத்திலும் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். உரசினால் ஸ்டீரிங் ஸ்டாப் போல்ட்டுக்கு அடியில் வாஷர் சேர்த்து ஒடியும் கோணத்தைச் சற்றுக் குறையுங்கள். காதை அரைத்து இடம் உண்டாக்கக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்ட புது ஷாஃப்ட்டுகள் முதல் பயணத்திலேயே, சுமையே இல்லாத திருப்பத்தில், காது காதை நெம்பி உடைந்திருக்கின்றன.

டிஃப்ரன்ஷியல் ஆயிலை மாற்றிவிடுங்கள். டிஜேவின் முன் டானா 30 கொள்வது சுமார் 1.2 லிட்டர். வீல் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக 95 அடி-பவுண்டு (129 நியூட்டன் மீட்டர்) அளவில் இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதல் 100 கிலோமீட்டரில் வீல் நட்டு, ஹப்பின் மூன்று போல்ட்டு, ஸ்னாப் ரிங்குகள், குழாயின் வெளி முனை ஆகியவற்றைப் பாருங்கள். குழாய் முனையில் கியர் ஆயில் சொட்டினால் சீல் போயிற்று. நேராக ஓடும்போது சத்தமில்லாமல், திருப்பத்தில் மட்டும் ஸ்டீரிங்கில் துடிப்பு வந்தால் ஜாயின்ட் இறுக்கமாக ஏறியிருக்கிறது. மெதுவாகப் போகும்போது சீரான கீச்சொலி என்றால் பெரும்பாலும் மட்காப்புத் தகடு வளைந்து டிஸ்க்கில் உரசுகிறது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் ஹப் நட்டையும் பேரிங்கையும் சந்தேகியுங்கள்.

பழைய கம்பெனி ஷாஃப்ட்டுகள் முறுக்கேறாமல் இருந்தால் எறியாதீர்கள். புது 760 போட்டு, பற்களுக்குக் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, இடம் வலம் எழுதி வண்டியில் வையுங்கள். அவற்றோடு 36 மி.மீ. சாக்கெட்டும் பன்னிரண்டு முனை சாக்கெட்டும் இருக்க வேண்டும். காட்டில் டமார் என்று கேட்டால் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்க்காதீர்கள், உடைந்த காது பால் ஜாயின்ட்டையோ நக்கிளையோ நெம்பிவிடும். மாற்று ஷாஃப்ட் கையில் இல்லையென்றால் உள் ஷாஃப்ட்டை உருவிவிட்டு, ஸ்டப்பை மட்டும் காதுத் துண்டுகள் உரசாதபடி அரைத்துச் சுத்தம் செய்து ஹப்பில் மாட்டி, நட்டை முழு அளவு இறுக்கிய பிறகே வண்டியை உருட்டுங்கள். ஆயில் வடியாமல் இருக்கக் குழாயின் வாயில் துணியை இறுக அடைத்து, டூ-வீல் டிரைவில் மெதுவாக வீடு வந்து சேரலாம். வந்ததும் முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.